ஏஐ எடுத்துக்கொடுத்த சான்றை ஆய்வேட்டில் சேர்க்கும் முன்

சாட்ஜிபிடி போன்ற கருவியிடம் ஒரு தலைப்பில் கட்டுரைகள் கேட்டால் நொடியில் பத்து தந்துவிடும். சிலவற்றில் ஆசிரியர் பெயர் உண்மை, இதழின் பெயர் உண்மை. அந்தக் கட்டுரை மட்டும் எங்குமே வந்திருக்காது. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கோக்கும் கருவி என்பதால் வரும் வினை இது. இணையத்தில் தேடித் தரும் வசதி இருந்தாலும், சுருக்கும்போது பொருள் பிசகலாம்.

டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரைக்குத் தரப்படும் தனி அடையாள எண்) இருந்தால் முதலில் அதைத் தேடித் திறந்து பாருங்கள். பக்கம் திறந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்; அது வேறொரு கட்டுரையின் எண்ணாக இருப்பதும் உண்டு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் பொருந்த வேண்டும். எண் இல்லையா? இதழின் அந்தத் தொகுதியில், அந்தப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கட்டுரையையே படியுங்கள். நீங்கள் எடுத்தாளும் கருத்து அதில் இல்லாமலே போகலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்பதை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

தமிழாய்வில் இன்னும் கவனம் வேண்டும். பழைய பதிப்புகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் பெரும்பாலும் டிஓஐ கிடையாது. மூலத்தைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். ஒரு சோதனை: புறநானூற்றின் 400 பாடல்களில் 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. ஏஐ கருவியிடம் 267ஆம் பாடலை உரையுடன் கேளுங்கள். வரிகள் வந்தால் அவை புனைவு, அல்லது வேறு பாடலின் வரிகள். அந்தக் கருவி தரும் மற்ற பாடல் எண்களையும் பதிப்போடு ஒப்பிடாமல் எழுதாதீர்கள்.

கள ஆய்வு நேர்காணல்களைச் சுருக்கக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. உங்களை நம்பிப் பேசியவரின் சொல் அது. பெயரை மட்டும் நீக்கினால் போதாது: சிற்றூர், தொழில், வயது மூன்றும் சேர்ந்தால் ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுகொள்வார்கள். வெளிக் கருவியில் ஏற்றப்படும் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிராவிட்டால் ஏற்றவே கூடாது. உரையாடல்களை ஏஐயின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் செட்டிங்கைப் பிறகு அணைத்தாலும், அனுப்பியது அனுப்பியதுதான்.

மதிப்பீட்டுக்கு வந்த பிறர் கட்டுரைக்கும் இதே விதி.

ஏஐயை ஆசிரியராகப் போட முடியாது. பதிப்பு நெறிக் குழுவான கோப் (COPE) 2023-லேயே இதைச் சொல்லிவிட்டது. பயன்பாட்டை ஆய்வுமுறை இயலில் ஒரு வரியில் சொல்லுங்கள்: “மூன்றாம் இயலின் மொழிநடையைத் திருத்த, இன்ன கருவியின் இன்ன பதிப்பு, இன்ன மாதத்தில் பயன்படுத்தப்பட்டது, தரவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தப்படவில்லை.” கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் தேதியோடு தனிக் கோப்பில் வைத்திருங்கள், வாய்மொழித் தேர்வில் கேட்டால் காட்டலாம்.