க்ளினிக் ஃபேக்ஸில் விளம்பரக் குப்பை வந்தால் என்ன செய்வது?

நியூ ஜெர்சியில் ஒரு சிறிய க்ளினிக்கின் ஆபீஸ் வேலை முழுக்க என் பொறுப்பு. லேப் ரிப்போர்ட், ரெஃபரல், மருந்துக்கடைக்காரர் ரீஃபில் கேட்டு அனுப்பும் தாள் என்று எங்களுக்கு இன்னும் பாதி உலகம் ஃபேக்ஸில்தான் ஓடுகிறது. நடுவே குறைந்த வட்டிக் கடன், கூரை ரிப்பேர், சுற்றுலா பேக்கேஜ் என்று விளம்பரங்களும் வந்து விழும். பேப்பரும் டோனரும் நம் காசு. அதைவிட, அந்தக் குப்பையோடு ஒரு நோயாளியின் பயாப்ஸி முடிவும் தொட்டிக்குப் போய்விடலாம். இதைச் சின்ன விஷயமென்று விட எனக்கு மனம் வராது.

வந்த தாளை உடனே கிழித்துப் போடாதீர்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், போன் நம்பர் இருக்கும். சட்டப்படி இருந்தாக வேண்டும். முதல் பக்கத்திலேயே, வேண்டாமென்றால் எப்படிச் சொல்வது என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். செலவில்லாமல், எந்த நேரத்திலும் சொல்ல வழி தர வேண்டும். அவர்கள் காட்டிய அதே வழியில் சொல்லுங்கள். கம்பெனியின் வேறு நம்பரில் யாரையோ பிடித்துச் சத்தம் போட்டால் அது கணக்கில் வராது. உங்கள் ஃபேக்ஸ் நம்பரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இரண்டு லைன் இருந்தால் இரண்டையும். 30 நாளுக்குள் அவர்கள் நிறுத்தியாக வேண்டும். சொன்ன தேதியை அந்தத் தாளிலேயே எழுதி ஃபைலில் போட்டு வையுங்கள்.

நீங்கள் சரக்கு வாங்கும் சப்ளையர் அனுப்பினால், வியாபாரத் தொடர்பு இருப்பதால் அதற்கு அனுமதி உண்டு, நீங்கள் வேண்டாமென்று சொல்லும்வரை. ஆகவே முதலில் அவர்களிடமே சொல்லிவிடுங்கள். விளம்பர போன் அழைப்பு வேண்டாமென்று பதியும் ‘டூ நாட் கால்’ பட்டியலில் பதிந்தால் போதும் என்பார்கள். ஃபேக்ஸுக்கு அது உதவாது.

அப்புறமும் வந்தால், அமெரிக்கத் தகவல்தொடர்புத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்சிசியின் இணையதளத்தில் புகார் கொடுங்கள், இலவசம்தான். ஆனால் எஃப்சிசி உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. அதற்கு நீங்களே வழக்குப் போட வேண்டும்: டிசிபிஏ (TCPA) என்ற 1991-ஆம் ஆண்டு தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு ஃபேக்ஸுக்கு 500 டாலர், தெரிந்தே செய்தார்கள் என்றால் 1,500 வரை. அந்த ஃபைல் அப்போதுதான் கைகொடுக்கும்.

மெஷினிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பல ஹெச்பி மெஷின்களில் குறிப்பிட்ட நம்பரைத் தடுக்கும் வசதி உண்டு. லைனில் காலர் ஐடி இருந்தால்தான் அது வேலை செய்யும். தெரியாத நம்பர் எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுக்காதீர்கள். புதிதாக ஒரு மருத்துவமனை அனுப்பும் ரிப்போர்ட்டும் அதில் நின்றுவிடும். வருவதை உடனே அச்சடிக்காமல் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி செட்டிங்கை மாற்றி, பார்த்துவிட்டுத் தேவையானதை மட்டும் அச்சடிப்பது நல்லது.

ஃபேக்ஸ் உங்களுக்கு ஆன்லைன் சேவை வழியாக ஈமெயிலில் வருகிறதா? அப்படி வருவது இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2019-இல் எஃப்சிசி சொன்னது. ஆனால் எஃப்சிசி இந்தச் சட்டத்துக்குச் சொல்லும் விளக்கத்துக்கு மத்திய மாவட்ட நீதிமன்றங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை என்று 2025-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் ஒரு நீதிமன்றம் வேறு மாதிரியும் சொல்லலாம். எனவே வழக்கு என்று இறங்குமுன் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.