உப்பிய பைபர் சுவரை நாமே ஒட்டலாம்: காம்பர் வான் வைத்திருப்போருக்கு

தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள காம்பர் வானின் பக்கச் சுவர் பார்வைக்கு ஒரே பைபர் தகடு மாதிரி இருக்கும். உள்ளே பெரும்பாலும் அடுக்கடுக்காகத்தான் செய்திருப்பார்கள். வெளியே மெல்லிய பைபர் தோல், பின்னால் மெல்லிய பிளைவுட், அதற்குப் பின் சட்டங்களுக்கு இடையில் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை, கடைசியில் உட்பக்கப் பலகை. கூரை மூட்டாலோ யன்னல் ஓரத்தாலோ தண்ணீர் இறங்கினால் பிளைவுட் ஊறிப் பசை விட்டுவிடும். அப்போது பைபர் தோல் தனியே கழன்று உப்பிக்கொண்டு வரும். அந்த இடைவெளிக்குள், ஹார்ட்னர் கலந்தால் இறுகும் பிசினான ரெசினைச் சிரிஞ்சால் செலுத்தி, முட்டுக் கொடுத்து மீண்டும் ஒட்டுவதுதான் இந்த வேலை.

வேலைக்கு ஏற்ற காலம் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான். ஒக்டோபரில் வாடை மழை தொடங்கிய பிறகு திருகோணமலையில் எந்தச் சுவரையும் ஒழுங்காகக் காயவைக்க முடியாது.

எல்லையைக் குறியுங்கள்

பத்து ரூபாய்க் குற்றியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் இறுக்கமான சத்தம் வரும், பிரிந்த இடத்தில் பொள்ளலாகக் கேட்கும். சத்தம் மாறுகிற இடமெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் உப்பலைவிடக் கோடு பெரிதாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒழுக்கை அடையுங்கள், பிறகு காயவையுங்கள்

ஒருவர் உள்ளே நிற்க, இன்னொருவர் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தண்ணீர் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. மூட்டை அடைத்திருக்கும் பழைய சீலன்டை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு பொலியுரேத்தேன் சீலன்ட் போடுங்கள். சிலிக்கன் வேண்டாம், அது பட்ட இடத்தில் பெயின்டும் பிடிக்காது, ரெசினும் பிடிக்காது.

காயவைக்க, உட்பக்கப் பலகையில், வெளியே போட்ட கோட்டுக்கு நேரே அடங்கும் பகுதியில் நாலு விரல் இடைவெளிக்கு ஒன்றாக 4 மில்லிமீற்றர் துளைகள் போடுங்கள். துளை ரெஜிபோமைத் தாண்டி பிளைவுட்டையும் கடக்க வேண்டும், ஆனால் பைபர் தோலைத் தொடக்கூடாது. அதற்கு டிரில் பிட்டில் ஆழத்தை அளந்து டேப் சுற்றிவிடுங்கள். உட்பக்கம் அலுமாரி மறைத்தால் வெளியிலிருந்தே துளைக்கலாம், பூச்சு வேலைதான் கூடும்.

மின்விசிறியை வைத்து வாரக்கணக்கில் விடுங்கள். ஹீட் கன் பிடிக்காதீர்கள், ரெஜிபோம் சுருங்கிவிடும். ஈரமானி இருந்தால், அதே சுவரின் நல்ல பகுதியில் காட்டும் அளவுக்கு இங்கேயும் இறங்கும்வரை பொறுக்க வேண்டும். துளையிடும்போது பிட்டில் கறுத்த, பிசுபிசுத்த தூள் வந்தால் பிளைவுட் உக்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் ஊசி வேலை சரிவராது, அந்தப் பகுதியைத் திறந்து பலகையை மாற்றத்தான் வேண்டும்.

ரெசின் விஷயம்

நம்மூரில் பைபர் என்றால் கைதேர்ந்தவர்கள் போட் திருத்துகிற ஆட்கள்தான். கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனால் மாட் என்ற பைபர் விரிப்பு, ரெசின், ஹார்ட்னர் எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள். ஆனால் போட்டுக்குப் பெரும்பாலும் போடுவது பொலியஸ்டர் ரெசின். அதில் இருக்கும் ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும். நம்பாவிட்டால் டீவி வந்த பெட்டியில் கிடக்கும் துண்டொன்றில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், வெள்ளைத் துண்டு குழிந்து குழைவது கண்முன்னே தெரியும். சுவருக்குள்ளும் அதுவேதான் நடக்கும். கேட்டு வாங்க வேண்டியது எபொக்சி, அதுவும் தண்ணியாக ஓடக்கூடிய லாமினேற்றிங் வகை.

பொலியஸ்டரில் வெயிலுக்கு ஏற்ப ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது வழக்கம். எபொக்சியில் அந்தக் கைப்பழக்கம் கூடவே கூடாது. டப்பாவில் எடைக்குப் போட்டிருக்கும் விகிதத்தைத் தராசு வைத்து அளந்து கலக்குங்கள், கூடினாலும் குறைந்தாலும் ஒழுங்காக இறுகாது. அளவுக்கு ஒரு கணக்கு: 60 சென்ரிமீற்றர் அகலம், 50 உயரம், 1 மில்லிமீற்றர் இடைவெளி என்றால் 300 மில்லிலீற்றர். பலகை குடிப்பதற்கும் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள், ஆனால் ஒரேயடியாகக் கலக்காதீர்கள். நம்மூர் வெக்கையில் கப் நிறையக் கலந்தால் அது தானாகச் சூடேறிப் புகைந்து இறுகிவிடும்.

ஊசியும் முட்டும்

ரெசினைக் கலக்குமுன் முட்டுக் கொடுத்து ஒத்திகை பாருங்கள். வானை மதிலோரம் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். உப்பலின் மேல் பொலித்தீன், அதன் மேல் தடித்த பலகை, பலகைக்கும் மதிலுக்கும் இடையில் மரச்சட்டங்கள், ஆப்பு. உட்பக்கத்துக்கும் இதேபோல் பலகையும் எதிர்முட்டும் வேண்டும், இல்லாவிட்டால் சுவர் உள்ளே வளைந்துவிடும்.

ஒட்டும் வேலையைப் பின்னேரம், சுவர் சூடு ஆறத் தொடங்கும்போது நிழலில் செய்யுங்கள். காலையில் ஒட்டினால் வெயிலேற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து ரெசினை வெளியே தள்ளும். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம்.

சிரிஞ்சின் முனையில் துளையின் ஆழத்துக்கு மெல்லிய குழாய் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ரெசின் ரெஜிபோமுக்குள்தான் போகும். கீழ் வரிசைத் துளையில் தொடங்கிப் பக்கத்துத் துளையால் ரெசின் எட்டிப் பார்க்கும்வரை செலுத்தி, டேப் ஒட்டிவிட்டு மேலே போங்கள். பிறகு கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக் காற்றை வெளியேற்றி, உட்பலகைக்கும் பொலித்தீன் போட்டு முட்டுக் கொடுங்கள். ஆப்புகளை மாறி மாறி மெதுவாகத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் ரெசின் எல்லாம் பிதுங்கி வந்து ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

24 மணி நேரம் தொடாதீர்கள். கையில் பட்ட ரெசினை அசிட்டோனால் கழுவ வேண்டாம், தோலுக்குள் இறங்கும். துணியால் துடைத்துவிட்டுச் சோப்பும் தண்ணீரும் போடுங்கள்.

பூச்சு

வெளியில் துளைத்திருந்தால், எபொக்சியின் மேல் படியும் மெழுகுபோன்ற படலத்தை முதலில் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு எபொக்சிப் புட்டியால் அடைத்து 120, 240, 400 என்று சாண்ட் பேப்பர் பிடித்து பிரைமர் அடியுங்கள். எபொக்சிக்கு மேல், போட்டுக்கு அடிக்கும் பளபளப்பு மேல்பூச்சான ஜெல்கோட் சரியாக இறுகாது. இரண்டு பாகம் கலக்கும் பொலியுரேத்தேன் பெயின்டை நல்ல கராஜ் ஒன்றில் நிறம் பார்த்துக் கலக்கிக் கேளுங்கள். வெயிலில் வெளிறிய சுவருக்குப் புத்தகத்தில் இருக்கும் நிறம் பொருந்தாது, அதனால் வானையே கொண்டுபோய்க் காட்டுவதுதான் நல்லது.