பாம்பு முட்டைக்கு இன்குபேட்டர்: சென்னை வெயிலில் சூடாக்கினால் மட்டும் போதாது

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து இன்குபேட்டர் (முட்டை பொரிக்க வைக்கும் பெட்டி) கட்டுபவர்கள் சென்னையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அந்த வீடியோக்களில் பெட்டியைச் சூடாக்க மட்டுமே சொல்லித் தருவார்கள். அவர்கள் அறையில் 20 டிகிரி இருக்கும், அதனால் அது போதும். இங்கே அக்னி நட்சத்திரத்தில் மூடிய அறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஹீட்டர் மட்டும் உள்ள பெட்டி அறை வெப்பத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. பால் பைத்தான் (பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) முட்டைக்குத் தேவை 31 முதல் 32 டிகிரி. கார்ன் ஸ்நேக் என்ற அமெரிக்கப் பாம்புக்கு 27 முதல் 29தான், பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலியப் பல்லிக்கு 28 முதல் 30. அதாவது கார்ன் ஸ்நேக் முட்டைக்கு நம் ஊரில் ஹீட்டரைவிடக் கூலிங்தான் அதிக நாள் ஓடும்.

கட்டுவதற்கு முன் சட்டம். நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு உட்பட நம் நாட்டுக் காட்டு ஊர்வனவற்றின் முட்டையை எடுத்து வந்து பொரிக்க வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்தில் பாம்பு முட்டை கிடைத்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்கள் சைட்டிஸ் (உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் வருவதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குட்டி பிறந்தாலும் அங்கே தெரிவிக்க வேண்டும். தாய்ப்பாம்புக்கே பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

பெட்டி

உள்ளளவு சுமார் 45 × 30 × 30 செ.மீ. உள்ள தெர்மோகோல் பெட்டி போதும். சுவர் 4 செ.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் மெல்லிய பெட்டி வேண்டாம், கூலிங் முழுக்க அதன் வழியாகவே வெளியே போய்விடும். தடுப்பூசி, மருந்து வரும் பெட்டிகள் கெட்டியானவை, வாடையும் இருக்காது. மொத்த மருந்துக் கடைகளில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

மற்றவை பெரும்பாலும் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்: வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரையும் கூலிங்கையும் ஓட்டி நிறுத்தும் எஸ்டிசி-1000 கன்ட்ரோலர் இரண்டு (230 வோல்ட் மாடல் என்று சொல்லி வாங்குங்கள்), பெல்டியருக்கு 12 வோல்ட் கரண்ட் தரும் 10 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் ஒன்று, டிஇசி1-12706 பெல்டியர் தகடு (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும்) இரண்டு பக்க ஹீட்சிங்க்கும் (வெப்பம் கடத்தும் உலோகப் பட்டைகள்) ஃபேனும் சேர்ந்த செட்டாக, தனியாக ஒரு 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன், அதற்கு 12 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர். 25 வாட் ஹீட் கேபிளுக்குக் கொளத்தூர் மீன் கடைகளில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைன். பல்பு வேண்டாம். அணைந்து அணைந்து எரிவதில் சீக்கிரம் ஃபியூஸ் போகும், போனது தெரியும்போது முட்டை குளிர்ந்திருக்கும்.

ஹீட் கேபிளை ஒரு தரை ஓட்டின் மேல் வளைத்து வளைத்து அலுமினிய டேப்பால் ஒட்டி, ஓட்டைப் பெட்டியின் அடியில் வையுங்கள். கேபிள் எங்கும் தெர்மோகோலைத் தொடக் கூடாது. தெர்மோகோல் முதலில் உருகும், பிறகு பற்றி எரியும். ஓட்டுக்கு மேல் 5 செ.மீ. இடைவெளி விட்டு கம்பி வலைத் தட்டு, அதன்மேல் முட்டை டப்பா. சின்ன ஃபேன் ஒரு மூலையில் 24 மணி நேரமும் ஓட வேண்டும். அது நின்றால் மேலும் கீழும் 2, 3 டிகிரி வித்தியாசம் வந்துவிடும்.

பெல்டியரைப் பக்கச் சுவரில் பொருத்துங்கள். குளிர்ந்த பக்கம் உள்ளே, சூடான பக்கம் வெளியே. வெளிப்பக்க ஃபேனுக்குச் சுவரிலிருந்து ஒரு அடியாவது காற்று வெளி வேண்டும். உள்ளே இருக்கும் ஹீட்சிங்க்கில் நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குத் தண்ணீர் சொட்டும். அதன் நேர் கீழே ஒரு சோப்பு டப்பா வைத்தால் தீர்ந்தது, ஆனால் முட்டை டப்பா அதற்குக் கீழே வரவே கூடாது.

இணைப்பு

எஸ்டிசி-1000இன் 1, 2 முனைகளில் 230 வோல்ட் மின்சாரம், 3, 4இல் சென்சார், 5, 6 ஹீட்டிங், 7, 8 கூலிங். இங்கே பலர் ஏமாறுவார்கள். 5, 6இல் ஹீட்டரை நேராகச் செருகிவிட்டு கரண்ட் வரவில்லை என்பார்கள். அந்த முனைகளுக்குள் இருக்கும் ரிலே வெறும் ஸ்விட்ச், அதிலிருந்து தானாக மின்சாரம் வராது. ஃபேஸ் ஒயரை 1இலிருந்து 5க்கும் 7க்கும் ஜம்ப்பர் போடுங்கள். 6இலிருந்து ஹீட்டருக்கு, 8இலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. நியூட்ரல் எல்லாவற்றுக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் உடலுக்கு எர்த் கட்டாயம். 230 வோல்ட் வேலை பழக்கமில்லை என்றால் இந்த ஒரு பகுதியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கன்ட்ரோலர் எதற்கு? ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்வது உண்டு. ஒட்டினால் ஹீட்டர் நிற்காது, காலைக்குள் முட்டைகள் வெந்துவிடும். அதனால் முதல் கன்ட்ரோலரின் 6இலிருந்து வரும் ஒயரை இரண்டாவதின் 5, 6 வழியாக விட்டு ஹீட்டருக்குக் கொண்டுபோங்கள். பால் பைத்தானுக்கு இரண்டாவதை 33 டிகிரியில் வைத்துவிட்டால், முதலாவது ஒட்டினாலும் அது துண்டித்துவிடும். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பால் பைத்தானுக்கு முதல் கன்ட்ரோலரில் வைக்கும் அளவு: எஃப்1 (தேவையான வெப்பம்) 31.5, எஃப்2 (எவ்வளவு விலகினால் இயங்க வேண்டும்) 0.5, எஃப்3 (கூலிங் மறுபடி தொடங்கும் முன் காத்திருக்கும் நேரம்) 3 நிமிடம். 31இல் ஹீட்டர் தொடங்கும், 32இல் கூலிங் தொடங்கும். எஃப்4 சென்சாரின் பிழையைத் திருத்துவதற்கு. 36 டிகிரி வெந்நீரில் சென்சாரையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சேர்த்து நுனியளவு நனைத்து வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு டிகிரி பிசகு சகஜம். சென்சாரை முட்டை டப்பாவின் உயரத்திலேயே கட்டுங்கள், சுவரில் அல்ல.

அரை டிகிரிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், இனத்தைப் பொறுத்தது. முதலையில் அடைகாக்கும் வெப்பம்தான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலை முட்டைகளை வைத்து நடந்த ஆய்வில் 32.5 டிகிரி அளவில் ஆண்களும் 31க்குக் கீழே பெண்களும் வந்தன. பியர்டட் டிராகனில் 32க்கு மேல் போனால் மரபுப்படி ஆணாக வேண்டியதும் பெண்ணாகலாம். பைத்தானிலும் கார்ன் ஸ்நேக்கிலும் பாலினம் மாறாது. ஆனால் அதிக வெப்பத்தில் முதுகெலும்பு கோணும், குட்டி முட்டைக்குள்ளேயே இறக்கும்.

முட்டை வைக்கும் முன் நான்கு நாள் காலியாக ஓட்டுங்கள். உள்ளே நான்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இருக்கட்டும். கரண்ட் போனால் வெப்பம் சட்டென்று மாறாமல் அவை பிடித்து நிறுத்தும். மதியம் 3 மணிக்கும் விடியற்காலையிலும் அளவைக் குறியுங்கள். மே மாதம் மதியம் 32.5ஐத் தாண்டினால் பெல்டியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அறை வெப்பத்திலிருந்து 7, 8 டிகிரி குறைப்பதே அதற்குப் பெரிய வேலை. பெட்டியை ஏசி அறைக்கு மாற்றிவிடுங்கள். ஏசியை 26இல் தொடர்ந்து ஓட்ட முடிந்தால் பைத்தானுக்குப் பெல்டியரே தேவையில்லை.

முட்டை டப்பா

நர்சரியில் கிடைக்கும் பெரிய மணி வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) 200 கிராமுக்கு 200 மி.லி. தண்ணீர். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. கோகோபீட் மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீளும். வேண்டாம், உப்பும் பூஞ்சையும் அதோடு வரும். மூடியில் 3 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டு, மேலே துணி வலை ஒட்டுங்கள், இல்லையென்றால் சிறு ஈக்கள் உள்ளே முட்டையிடும். டப்பாவை மூடியோடு எடை போட்டு எடையை மேலே எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து, குறைந்த கிராம் அளவுக்குத் தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள், முட்டை மேல் படாமல்.

கோழி முட்டைபோல் திருப்பிவிடும் பழக்கம் இங்கே ஆகாது. முதல் ஓரிரு நாளில் கரு மேல்பக்க ஓட்டோடு ஒட்டிவிடும், பிறகு புரட்டினால் மூழ்கிச் சாகும். பென்சிலால் மேல்பக்கம் ஒரு கோடு போட்டு, கிடந்த நிலையிலேயே பாதி புதையும்படி வையுங்கள். பைத்தான் முட்டைகள் ஒட்டிக் குவியலாக இருந்தால் பிரிக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு நரம்புகள் தெரியும். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கரு இல்லை.

முட்டை முதல் மாதத்திலேயே குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. கடைசி வாரங்களில் விழும் குழி இயல்பு, அப்போது தண்ணீர் ஊற்றிக் கெடுக்காதீர்கள். மூடியிலிருந்து முட்டைமேல் நீர் சொட்டினால் டப்பாவின் ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள், துளி ஓரமாக வழிந்துவிடும். எறும்புக்கு நம் சமையலறை வழிதான்: பெட்டியை ஸ்டூலில் ஏற்றி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், கொசு வராமல் இரண்டு நாளுக்கொரு முறை மாற்றுங்கள்.

பால் பைத்தான் 55 முதல் 60 நாளில் ஓட்டைக் கீறும். தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஒன்றிரண்டு நாள் அப்படியே கிடக்கும். மஞ்சள் கருவின் மிச்சத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. பிடித்து இழுத்தால் தொப்புள் கிழியும். தானாக வந்ததும் ஈர டிஷ்யூ விரித்த டப்பாவுக்கு மாற்றி, முதல் தோல் உரியும் வரை இரை காட்டாமல் தண்ணீர் மட்டும் வையுங்கள்.