இளங்குதிரையை வீதிக்குப் பழக்கும்போது

முதல் வாரம் ஏறவே வேண்டாம். கையில் பிடித்துக்கொண்டு, நிலாவெளி வீதியிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். பஸ், ஆட்டோ போகும்போது காதையும் கழுத்தையும் பாருங்கள். தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கினால் அடுத்த நாள் பத்து மீற்றர் கிட்டக் கொண்டுபோகலாம். காது விறைத்து, மூச்சைப் பிடித்து நின்றால் அதே தூரத்திலேயே இன்னொரு நாள்.

ஏறிப் போகையில் பழகிய, சாந்தமான குதிரை ஒன்று கூட வரட்டும். நமக்கு இடப்பக்கப் போக்குவரத்து என்பதால் பழகியது வலப்பக்கம், வாகனங்களுக்கும் குட்டிக்கும் நடுவில். பதினைந்து நிமிடம் போதும், நடை மட்டும். தேய்ந்த லாடம் தாரில் வழுக்கும்.

பலர் தவறுவது ஒரு இடத்தில். வீதியோரம் பறக்கும் பொலித்தீன் பையைக் கண்டு குதிரை மிரண்டால், அதைக் காட்டிப் பழக்க தலையை அந்தப் பக்கமே திருப்புவார்கள். உடனே பின்னங்கால்கள் நடுவீதிக்கு வந்துவிடும். பை இடப்பக்கம் இருந்தால் தலையை லேசாக வலப்பக்கம் வளைத்து, வலது காலால் விலாவை அழுத்துங்கள். உடல் ஓரத்தோடே நிற்கும். கடிவாளத்தை இறுக்காதீர்கள்; உங்கள் பயம் வாய் வழியே அதற்குப் போகும்.

பின்னால் வரும் ஆட்டோதான் பெரும்பாலும் தொல்லை. கையை உயர்த்தி வேகம் குறைக்கச் சொல்லுங்கள், குறைத்தவருக்கு ஒரு தலையசைப்பு.

வெயில் ஏறிய தார் சுடும். காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.