பைசன் ஓவியங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட்டின் 'கடைசி பைசன்கள்' என்ற ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 10 அடி அகலம். தூரத்து மலை வரை மந்தை மந்தையாகப் பைசன்கள், அதாவது அமெரிக்கக் காட்டெருமைகள். நடுவில் வெள்ளைக் குதிரையில் ஒரு பழங்குடி வேட்டைக்காரர், கையில் ஈட்டி. கீழே செத்த விலங்குகளும் மண்டையோடுகளும்.

இதைக் கண்ணால் கண்ட காட்சி என்று நம்புவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. வரைந்த ஆண்டு 1888. அமெரிக்கச் சமவெளியின் வடபகுதியில் இருந்த பைசன் மந்தை 1883-லேயே ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. 1889-இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது மிஞ்சியவை ஆயிரம் சொச்சம்தான். படத்தில் உள்ள நிலமும் பல இடங்களைச் சேர்த்துக் கட்டியது.

இதைவிடப் பெரிய தவறு, ஈட்டிதான் பைசனை அழித்தது என்று எடுத்துக்கொள்வது. 1870-களின் தொடக்கத்தில் பைசன் தோலைப் பதப்படுத்தி இயந்திரப் பட்டைகளுக்கான தோலாக்கும் வழி வந்தது. ரயில் வந்தது, தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கிகளோடு தோல் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். தோலை உரித்துக்கொண்டு இறைச்சியை அப்படியே அழுக விட்டார்கள். பைசன் ஒழிந்தால் சமவெளிப் பழங்குடி மக்கள் பணிந்துவிடுவார்கள் என்று ராணுவ அதிகாரிகள் சிலர் வெளிப்படையாகவே விரும்பினார்கள். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பத்தடித் துணியில் இல்லை. பறிகொடுத்தவர் கையிலேயே பழியைக் கொடுத்திருக்கிறார் ஓவியர். எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்காகப் பழங்குடியினருக்குத் தோல் வணிகத்தில் பங்கே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. இருந்தது; ஆனால் கடைசிப் பேரழிவு அவர்கள் செய்ததல்ல.

அப்புறம், பைசன் வரைந்த எல்லோரையும் ஒரே கூடையில் போடக் கூடாது. ஜார்ஜ் கேட்லின் 1832-இல் மிசூரி ஆற்றில் நீராவிப் படகில் போனபோது மந்தைகள் உயிரோடு இருந்தன. அவை அழியப் போகின்றன என்று அப்போதே எச்சரித்து, மனிதரும் விலங்கும் வாழ ஒரு பெரும் பூங்கா வேண்டும் என்றும் எழுதினார். சார்லஸ் ரசல் 1914-இல் வரைந்த மந்தையோ முழுக்க ஏக்கத்தில் பிறந்தது. அதில் ஒரு மனிதர்கூட இல்லை. எனவே, எந்தப் படமானாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

பியர்ஸ்டாட்டின் படத்தை அன்று எல்லோரும் கொண்டாடியதாக நினைக்கவும் வேண்டாம். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஓவியங்களைத் தேர்ந்த அமெரிக்கக் குழு அதை நிராகரித்தது.

தலைப்பில் உள்ள 'கடைசி'யையும் நம்பிவிடாதீர்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1902-இல் இரண்டு டஜன் அளவுக்கே இருந்த பைசன்கள் இன்று ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. 2012-இல் அங்கிருந்து ஒரு மந்தை மொன்டானாவின் ஃபோர்ட் பெக் பழங்குடி நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.