மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு ஆள் எடுப்பதும், எடுத்த ஆளைத் தக்கவைப்பதும்: படிப்படியாக

அறிவுசார் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உள்ள பெரியவர்கள் தங்கும் ஒரு சின்ன இல்லத்தை டெல்டா பக்கம் நிர்வகிக்கிறேன். பகலில் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளும் வந்து போவார்கள். ஒரு காலத்தில் எங்களிடம் மாதம் தவறாமல் யாராவது வேலையை விட்டுப் போவார்கள். இப்போது அப்படியில்லை. நடுவில் என்னென்ன மாற்றினோம் என்பதைத்தான் எழுதுகிறேன். புதிதாக இல்லமோ பகல் நேர மையமோ தொடங்குபவர்களுக்கு உதவும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நிறுவனப் பதிவு, கணக்கு வழக்கு எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: விளம்பரத்தை மாற்றி எழுதுங்கள்

"சேவை மனப்பான்மை உள்ள பராமரிப்பாளர் தேவை" என்று எழுதாதீர்கள். படிப்பவர்கள் அதைச் சம்பளம் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். செய்யவேண்டிய வேலையை அப்படியே எழுதுங்கள்: குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, ஊட்டுவது, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது, வாரத்தில் எத்தனை நைட் டூட்டி. சம்பளத்தை எண்ணால் போடுங்கள். 10 பேர் வேலை செய்யும் இடமென்றால் இ.எஸ்.ஐ. உண்டு (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு), 20 பேர் என்றால் பி.எஃப். உண்டு. அவற்றையும் விளம்பரத்திலேயே சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஆயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்தைவிட இ.எஸ்.ஐ. கார்டைப் பெரிதாக நினைப்பவர்கள் நிறைய.

இன்னொரு வரியும் சேருங்கள். அதுதான் முக்கியம்: "கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, சுத்தம் செய்வது எல்லாப் பணியாளர்களுக்கும் முறை வைத்து உண்டு, ஆசிரியருக்கும் மேலாளருக்கும் உட்பட." ஏன் என்று படி 6-ல் சொல்கிறேன்.

படி 2: ஆள் எங்கே கிடைப்பார்கள்

வேலைவாய்ப்புத் தளங்கள் பராமரிப்பாளர் வேலைக்குப் பிரயோசனமில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) ஆறு மாத சி.பி.ஐ.டி. படிப்பு (ஊர் அளவில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணியாளர்களுக்கான பயிற்சி) முடித்தவர்கள் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு (சிறப்பு ஆசிரியருக்கு) சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கும் நீப்மெட் (NIEPMD) என்ற மத்திய அரசு நிறுவனம் போன்ற பயிற்சி நிறுவனங்களில் கேட்கலாம்.

தெரிந்தவர் மூலம் எடுப்பது நல்ல வழிதான், ஆனால் அளவோடு. ஒரே குடும்பத்தில் அக்கா, தங்கை, நாத்தனார் மூவரும் உங்களிடம் இருந்தால், வீட்டில் ஒரு காதுகுத்து வந்தாலே மூவருக்கும் ஒன்றாக லீவு. அன்று உங்கள் டூட்டி சார்ட் கந்தல். அதனால் ஒரு ஷிஃப்டில் ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான் என்று வைத்திருக்கிறோம்.

படி 3: காகித வேலை

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் வந்துபோகும் இடமென்றால், 2020-ஆம் ஆண்டு போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) விதிகளின்படி சமையல்காரர், டிரைவர் உட்பட எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் கட்டாயம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" பதில் வரத் தாமதமானால் அதுவே பதில்.

படி 4: நேர்காணலைக் குறைத்து, ஒரு நாள் கூட இருக்க வையுங்கள்

"ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க?" என்று கேட்டால், "அன்பாப் பாத்துப்பேன் சார்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் தெரியாது. நான் கேட்பது, "சாப்பாடு ஊட்டும்போது ஒருத்தர் உங்க கையைக் கடிச்சிட்டாரு, என்ன செய்வீங்க?" "ஏன் கடிச்சாரு, பல்லு வலியா, அவருக்குப் பிடிக்காத சாப்பாடா?" என்று திருப்பிக் கேட்பவரை நான் குறித்துவைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஒரு நாள் கூலி கொடுத்து வரச்சொல்லுங்கள். காலையிலிருந்து மதியச் சாப்பாடு முடியும்வரை போதும். யாரையும் தனியாக அவர் பொறுப்பில் விடக்கூடாது. கவனிக்க வேண்டியவை: வீல்சேரில் இருப்பவரோடு பேசும்போது குனிகிறாரா, உட்காருகிறாரா, அல்லது தலைக்கு மேலேயே பேசிவிட்டுப் போகிறாரா? வாயைத் துடைக்கும் முன் சொல்லிவிட்டுத் துடைக்கிறாரா? பேச்சு வராதவருக்கு எதுவும் புரியாது என்று நினைத்து, அவர் முன்னாலேயே "இவருக்கு எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்கிறாரா? கடைசியாக இல்லத்தில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். பேசுபவர்கள் வாயால் சொல்வார்கள், மற்றவர்கள் முகத்தில் காட்டுவார்கள். "அந்த அக்கா வேணாம்" என்று எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சொன்னால், சான்றிதழ் எவ்வளவு பலமாக இருந்தாலும் எடுப்பதில்லை.

படி 5: முதல் இரண்டு வாரம்

வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் "வீட்ல சூழ்நிலை சரியில்ல" என்பார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கடைவீதியில் பார்க்கும்போது உண்மை வரும்: வந்த மூன்றாம் நாளே நைட் டூட்டியில் தனியாக விட்டார்கள், ஒருவருக்கு வலிப்பு வந்தது, பயந்துபோனேன். அல்லது இடுப்பு வலி.

எனவே முதல் இரண்டு வாரம் பழைய ஆளோடு ஜோடியாகத்தான் வேலை. நைட் டூட்டி கிடையாது. இந்த மூன்றை மட்டும் செய்துகாட்டச் சொல்லுங்கள்:

- வலிப்பு: ஒருக்களித்துப் படுக்க வைப்பது, நேரம் பார்ப்பது, 5 நிமிடம் தாண்டினால் 108. வாயில் எதையும் வைக்கக்கூடாது. கையில் சாவிக்கொத்து திணிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதனால் வலிப்பு நிற்காது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.
- ஊட்டுதல்: நிமிர்ந்த நிலை, முகவாய் சற்றுக் கீழே, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது.
- தூக்குதல்: கனமானவரை எப்போதும் இரண்டு பேர்.

படி 6: ஷிஃப்ட் மாறும் அந்த இருபது நிமிடம்

எங்களுக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். காலை ஷிஃப்டும் மாலை ஷிஃப்டும் ஓயாமல் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருந்து கொடுத்தாயா, நீதான் கொடுக்கவில்லை, இப்படி. சமரசக் கூட்டம், பிரியாணி எல்லாம் போட்டுப் பார்த்தோம். காரணம் பஸ். மாலை ஆட்கள் வந்து இறங்கும் அதே டவுன் பஸ்ஸில்தான் காலை ஆட்கள் வீட்டுக்குப் போகவேண்டும். வாசலில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. ஷிஃப்ட் நேரத்தை அடுத்த பஸ்ஸுக்கு ஏற்ப நகர்த்தி, இருபது நிமிடம் இரண்டு அணியும் ஒன்றாக இருக்கும்படி செய்தோம். அந்த இருபது நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு. சண்டையில் பாதி அதோடு அடங்கிவிட்டது.

குறிப்பு எழுத லாங் சைஸ் நோட்டுதான் என் சிபாரிசு. ஆப் வேண்டாம், வாட்ஸப் குழு வேண்டவே வேண்டாம். வாட்ஸப் டூட்டி சார்ட் போடுவதற்கு மட்டும். இல்லத்தில் இருப்பவர்களின் போட்டோ அதில் வரக்கூடாது. நோட்டில் ஒருவருக்கு ஐந்து விஷயம்: சாப்பாடு, தூக்கம், மலம், மருந்து, மனநிலை. "அடம் பிடித்தார்" என்று எழுதவிடாதீர்கள். "சாம்பார் சாதம் வைத்ததும் தட்டைத் தள்ளினார், தயிர் சாதம் முழுதும் சாப்பிட்டார்" என்று எழுதினால்தான் அடுத்து வருபவருக்கு உபயோகம். எழுத வராத ஆயாக்கள் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். எழுத்துப்பிழையை யாரும் திருத்தக்கூடாது.

இனி அந்தக் கழிப்பறை வரிக்கு வருகிறேன். நம் ஊரில் மலம் துடைப்பது யார் வேலை என்பதற்குப் பின்னால் சாதி இருக்கிறது. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. டீச்சர் வகுப்பில், ஆயா கழிப்பறையில் என்று பிரித்துவிட்டால், ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு வர்க்கம் உருவாகிவிடும். மீட்டிங்கில் டீச்சர் நாற்காலியில் இருப்பார், ஆயா சுவரோரம் நிற்பார். ராத்திரி முழுக்கக் கூட இருந்த ஆயாவுக்குத் தெரிந்த விஷயம் டீச்சருக்குப் போய்ச்சேராது. முறை வைத்தபோது என் பெயரையும் சார்ட்டில் போட்டேன். வேலைக்கு வந்த சிலர் அந்த வரியைப் படித்துவிட்டு, "நான் பி.எட். சார்" என்று எழுந்து போனார்கள். போகட்டும். மீட்டிங்கில் இப்போது எல்லாருக்கும் நாற்காலி, முதலில் பேசுவது நைட் டூட்டி பார்த்தவர்.

படி 7: புகார் சொல்ல வழி

பணியாளர்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் "முதலில் நாம் விசாரிப்போம்" என்ற பேச்சே கூடாது. உடனே காவல்துறைக்குச் சொல்லியாகவேண்டும். உங்கள் பணியாளர் செய்ததை நிறுவனத் தலைவர் சொல்லாமல் விட்டால் ஓராண்டுவரை சிறை.

பின்சேர்க்கை (படித்தவர்கள் கேட்டவை)

"ஒரு நாள் கூலி வாங்கிக்கொண்டு திரும்ப வராமல் போகிறார்களே?" ஆமாம், போவார்கள். இரண்டு மாதம் பயிற்சி கொடுத்த பிறகு போவதைவிட அது மலிவு.

"சிசிடிவி வைத்தால் இவ்வளவும் தேவையா?" நடைபாதை, வாசல், சமையலறை சரி. குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் வைக்கவே கூடாது. தவிர, மருந்து யார் கொடுக்கவேண்டும் என்பதை கேமரா சொல்லாது.

"வயதுவந்த ஆண்களைக் குளிப்பாட்ட ஆண் பணியாளரே கிடைப்பதில்லை" என்று பலர் எழுதியிருந்தார்கள். முழுநேரம் தேடாதீர்கள். காலை 6 முதல் 9, மாலை 7 முதல் 9 என்று பகுதிநேரமாக அறிவியுங்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரி மாணவர், பால் ஊற்றுபவர் என்று ஆள் வருகிறார்கள். படி 4-ம் படி 5-ம் அவர்களுக்கும் உண்டு. பகுதிநேரம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.