எராஸ்மஸ் போகும் பிள்ளைகளே, ஓட்டுப் போட மறந்துவிடாதீர்கள்

பாரிஸில் வளர்ந்த என் அக்கா மகள் 2024-ல் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படித்தாள். முகவரியைப் பதிந்தாகிவிட்டது, அதுவே போதும் என்று நினைத்தாள். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நாளான ஜூன் 9 அன்று பிரெஞ்சு அடையாள அட்டையோடு வாக்குச்சாவடிக்குப் போனால் பட்டியலில் பெயரே இல்லை. முதல் ஓட்டு, பாவம், அழுதுகொண்டே போன் செய்தாள்.

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்கள் எந்த உறுப்பு நாட்டில் வசித்தாலும் அங்கேயே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். உள்ளாட்சித் தேர்தலிலும் அப்படியே. ஆனால் பெரும்பாலும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பே படிவம் நகராட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வருடம் மே 19தான் கடைசி நாள்.

முகவரி பதியப் போகும் அன்றைக்கே அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சொந்த நாட்டிலேயே போட விருப்பமென்றால் தபால் ஓட்டு உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். அயர்லாந்துபோல, வெளிநாட்டில் இருக்கும் சாதாரணக் குடிமக்களுக்கு அந்த வசதி தராத நாடுகளும் உண்டு. இரண்டு இடத்திலும் போடுவது குற்றம்.

அடுத்த தேர்தல் 2029-ல். வீட்டில் சின்னவர்கள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், மால்டாவில் 16 வயதிலேயே இந்தத் தேர்தலில் ஓட்டு உண்டு.